ஐப்பசியில் தார் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் நம் எல்லார் தெருவையும் பற்றியது. முழுதாகப் படித்துவிட்டு, திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் ஐப்பசியில் அடைமழை என்பதும், தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பதும் தெரிய பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். பிறகு ஏன் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தார் லாரி வருகிறது?

போன ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு வந்தது. காலையில் பெய்த மழைத் தண்ணீர் பள்ளங்களில் நின்றுகொண்டிருந்தது. விளக்குமாற்றால் தள்ளிவிட்டு அதன் மேலேயே கலவையைக் கொட்டினார்கள். "ஈரமா இருக்கே தம்பி" என்றேன். "வெயில் வந்தா காஞ்சிரும் சார்" என்றார் மேஸ்திரி. பொங்கலுக்குக் கோலம் போடும்போது தெருவில் பாதி ஜல்லி தனியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா பேரனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது அந்த ஜல்லியில் வண்டி சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. அவருக்கு யார் பதில் சொல்வது?

நாம் தார் என்று சொல்வது, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமன். அதைச் சூடாக்கி, சூடான ஜல்லியோடு கலக்கிறார்கள். பிளான்ட்டிலிருந்து வெளியே வரும்போது கலவை 150 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். பரப்பி, 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆறிவிட்டால் எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் ஜல்லிகளுக்கு நடுவே சந்து நிற்கும். அந்தச் சந்தில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் கல்லிலிருந்து தார் உரிந்துவிடும். நம் தெருக்களில் போடுவதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம். ஈரத் தரையில் அது எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்பது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தவர்களுக்குத் தெரியும்.

இது அதிகாரிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. மழை பெய்யும்போதும், தரையில் தண்ணீர் நிற்கும்போதும், அடித்தளம் ஈரமாக இருக்கும்போதும் தார்க் கலவை போடும் வேலையை நிறுத்த வேண்டும். விதி இருக்கிறது. விதியை மதிக்கும் காலண்டர்தான் இல்லை.

ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது. எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒர்க் ஆர்டர் என்று கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடியும்போது ஐப்பசி வந்துவிடுகிறது. நல்ல வெயில் அடிக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கோப்புக்குப் போகிறது; வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதம் சாலைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. எங்கள் டெல்டா பக்கம் அதைவிட அதிகம். இதை மாற்றுவதற்குப் புதிதாகப் பணம் தேவையில்லை. காகித வேலை முழுவதையும் மழை மாதங்களில் முடியுங்கள். மழை அலுவலகத்துக்குள் பெய்யாது. தை பிறந்ததும் லாரியை அனுப்புங்கள். தை முதல் வைகாசி வரை நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. நீலகிரி, கன்னியாகுமரி போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அங்கே இன்னும் முன்னதாக முடிக்க வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே தேதி சரிவராது.

"மழைக்கு முன்னால் சாலை போடச் சொல்லி மக்கள்தானே கேட்கிறார்கள்" என்பார்கள். ஆமாம், கேட்கிறோம். குழியில் விழுகிறவன் கேட்கத்தான் செய்வான். மழைக்காலத்தில் குழியை மட்டும் அடையுங்கள். அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, தண்ணீரையும் சேற்றையும் எடுத்துவிட்டு, நிரப்பி, இறுகத் தட்ட வேண்டும். சேற்றுக்கு மேல் ஜல்லியைக் கொட்டிவிட்டு "பேட்ச் ஒர்க் முடிந்தது" என்று எழுதுவது வேலை அல்ல, கணக்கு.

"மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்" என்பது அடுத்த பதில். தையிலும் மாசியிலும் போட்டால் மார்ச்சுக்குள் தாராளமாக முடியும். ஈரத்தில் போட்டுப் பெயர்ந்துபோனாலும் அந்தப் பணம் போனதுதானே? திரும்பிப் போன பணம் கஜானாவிலாவது இருக்கும். இது சாக்கடையில் கிடக்கிறது.

தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலையில் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாட்டுக்கே சாலை போடக் கற்றுக்கொடுத்த மாநிலம் இது.

சரியான பருவத்தில் போட்டால் மட்டும் போதுமா? போதாது. போட்டபின் பார்த்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலைக்கு முதல் எதிரி லாரி அல்ல, தண்ணீர். சாலையின் நடுப்பகுதி உயர்ந்து ஓரம் சரிந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் 3 மீட்டர் என்றால் ஏழரை சென்டிமீட்டர் சரிவு வரை வைக்கலாம். அந்தச் சரிவில் ஓடிவரும் தண்ணீர் போய்ச்சேர வடிகால் வேண்டும். ஆவணியிலேயே தூர் வாராத வடிகாலும் இல்லாத வடிகாலும் ஒன்றுதான். விரல் நுழையாத விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்தால் சில நூறு ரூபாயில் முடியும். குழியாகும்வரை காத்திருந்தால் சில ஆயிரம். அடித்தளமே இளகிவிட்டால் முழுச் சாலையையும் மறுபடி போட வேண்டும். பல்லுக்கும் இதே கணக்குதான்.

பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஏற்றுவதும் நிற்க வேண்டும். சாலை உயர உயர நம் வீட்டு வாசல் பள்ளமாகிறது. மழைத்தண்ணீர் கூடத்துக்கே வருகிறது. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சுரண்டினார்களா என்று உங்கள் வாசற்படியையே கேளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது. தலைவிதி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த ஆண்டு எந்தெந்தத் தெருவுக்குச் சாலை என்ற பட்டியலைக் கேளுங்கள். குடிநீர்க் குழாய், கேபிள் தோண்டும் வேலையெல்லாம் சாலைக்கு முன்பே முடியுமா என்றும் கேளுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் எந்த வாரம் வேலை தொடங்கும் என்று கேளுங்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால், போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும். சாலையோரப் பலகையைப் படித்து நாளைக் குறித்து வையுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கோப்பைக் கேட்பதற்கு மட்டுமல்ல. வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. 2(ஜெ) பிரிவு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஈரத் தரையில் தார் கொட்ட லாரி வந்தால், தெருவாசிகள் நாலு பேர் சேர்ந்து நின்று "காய்ந்த பிறகு வாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஒரு தெரு சொன்னால் சண்டை என்பார்கள். ஊரே சொன்னால் காலண்டர் மாறும்.

பகிர விரும்புவோர் என்னைக் கேட்காமலே பகிரலாம். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.