ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல, நகரத்தைக் கட்டியவர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு என்றாலே சினிமாக்காரர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வரும். அதிகாரிகளுக்கு 'ஆக்கிரமிப்பு' ஞாபகம் வரும். சென்னையின் பாரம்பரியம் என்று மயிலாப்பூர் கோயிலையும் ஜார்ஜ் கோட்டையையும் காட்டுகிறவர்களிடம் நாம் கேட்கிறோம்: நகரத்தைக் கட்டிய உழைப்பாளிகளின் சேரிக்குப் பாரம்பரியம் கிடையாதா?

மணவாள நகரிலிருந்து போய் தினமும் சென்ட்ரலுக்கு மின்சார ரயில் ஏறும் தோழர்களே, வழியில் வரும் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறியவர்களில் பலர் நம் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். ஏன் போனார்கள்? திருவள்ளூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தேடிப் படியுங்கள். மிராசுதாரர்கள் பறையர் மக்களுக்கு நிலம் கிடைக்கவிடாமல் தடுத்ததும், குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதும் அதில் இருக்கிறது. 1892இல் பஞ்சமி நிலம் தர ஆணை வந்தது. அந்த நிலத்தையும் பிடுங்கினார்கள். பிழைக்க மட்டுமல்ல, சாதியிடமிருந்து தப்பிக்கவும்தான் நம் மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.

போன இடத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலும் ரயில்வே பணிமனையிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் சாதி அந்த ஒற்றுமையை உடைத்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆதாயம் அடைந்தது ஆலை நிர்வாகம். ஆதிதிராவிடர்களையே நகரத்தைவிட்டு வெளியேற்றலாம் என்று அன்றைக்கே யோசனை சொன்னார்கள்.

அந்த யோசனை சாகவில்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிசை மக்களை லாரியில் ஏற்றி அனுப்பியது வேறென்ன? நகரத்துக்குள்ளேயே கட்டித் தந்த வீடாவது உருப்படியாக இருந்ததா? 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்ததுமே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. இத்தனைக்கும் நடுவில்தான் கானாவையும் குத்துச்சண்டையையும் கால்பந்தையும் அம்பேத்கர் மன்றங்களையும் இந்த மக்கள் வளர்த்தார்கள். இதுதான் வடசென்னையின் பாரம்பரியம்.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள தகரக் கொட்டகைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளிகள் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் உண்டு. நம் தாத்தா தப்பி ஓடிய அதே கொடுமையிலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். அவர்களை 'வடக்கன்' என்று கேலி செய்யும் வாய் நம்முடையதாக இருக்கலாமா? கூலியைக் குறைப்பது ஒப்பந்தக்காரரும் முதலாளியும்தான். 1921இல் சாதி செய்த வேலையை இன்று மொழி செய்ய விடக்கூடாது.

எனவே இரண்டு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆலைக்கு, ஏன் வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு பக்கத்துக் கொட்டகைக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். சங்கம் அங்கிருந்து தொடங்கட்டும். ஜெய் பீம்!