ஒப்பந்தமும் வாய்மையும்

கணினிப் பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது, இழப்பீட்டுக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால் இடர் ஒழிந்ததென இருதரப்பாரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு இங்கிலாந்திலே நடந்த வழக்கொன்று சான்று பகரும்.

2000ஆம் ஆண்டிலே ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம், வாடிக்கையாளர் சேவைக்கான கணினி முறையொன்றை அமைக்கும் பணியை ஈ.டி.எஸ். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத் தொகை ஏறக்குறைய 4 கோடியே 80 இலட்சம் பவுண். இழப்பீட்டின் எல்லை 3 கோடி. பணியோ உரிய காலத்தில் முற்றுப்பெறவில்லை. வேண்டிய காலத்தை முறையாக ஆராயாமலே ஆராய்ந்ததாகக் கூறி ஒப்பந்தம் பெறப்பட்டதென 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வஞ்சகக் கூற்றுக்கு அவ்வெல்லை காப்பாகவில்லை. ஈற்றில் 31 கோடியே 80 இலட்சம் பவுண் கொடுத்தே பிணக்குத் தீர்ந்தது. ஈ.டி.எஸ். சார்பில் சாட்சி கூறியவர் பெற்றிருந்த முதுமாணிப் பட்டத்தை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு நாயின் பெயரிலும் பெற்றுக் காட்டினார்!

ஆதலின், கால மதிப்பீட்டின் ஆதாரத்தை எழுத்திற் கோருதலும், சோதித்தறிந்த பின்னரே பணத்தைப் படிப்படியாகக் கொடுத்தலும் பணி கொடுப்போர் கடன். ஏற்போர் கடனோ, இயலாததை இயலாதென முன்னரே உரைத்தல். இத்துறை புகவிருக்கும் மாணவர் இதனை உளங்கொள்க.