இன்று புகை, நாளை நீதி

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்றொரு பலகை தொங்கும். மறுநாள் போய்க் கேட்டாலும் பலகை அதையேதான் சொல்லும். அந்த 'நாளை' என்றுமே விடிவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றைத் தூய்மையாக்கும் கடமையில் நடுவணரசு நமக்குக் காட்டிவந்ததும் இத்தகையதொரு பலகையே. வேறுபாடு ஒன்றுதான்: பத்தாண்டுகள் கழிந்தபின் அந்தப் பலகையையும் பல ஊர்களில் கழற்றிவிட்டார்கள்.

நிலக்கரிக்குள் கந்தகம் உறைந்துகிடக்கிறது. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கந்தக டை ஆக்சைடு என்னும் வாயுவாகிறது. அதன் நெடி தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறும். இதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. காற்றோடு பல நூறு கிலோமீட்டர் செல்லும் இவ்வாயு, வழியில் ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சல்பேட் எனும் நுண்துகளாக உருமாறுகிறது. அத்துகள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கி, இதயத்தையும் தாக்குகிறது. மழையோடு கலந்தால் அதுவே அமில மழை.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை இலண்டன் மாநகரை ஐந்து நாள் மூடியது. சுமார் 4000 பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிட்டார்கள். உண்மையில் 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதோடு புகைபோக்கிகளும் உயர்ந்தன. நகரத்தார் நிம்மதியாக மூச்சுவிட்டனர். ஆனால் உயரே போன கந்தகம் கடல் கடந்து நார்வே, சுவீடன் நாடுகளின் ஏரிகளில் இறங்கிற்று; அங்கே மீன்கள் மாண்டன. உயரமான புகைபோக்கி நஞ்சை ஒழிப்பதில்லை. அதன் முகவரியை மட்டுமே மாற்றுகிறது. இதை உணர்ந்த நாடுகள் 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்துகொண்டன; 1985இல் எல்சிங்கியில் கந்தக வெளியேற்றத்தை 30 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டன. அமெரிக்கா 1990இல் சட்டம் இயற்றி, மின்நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து வெளியேற்றும் அளவுக்கே உச்சவரம்பு கட்டியது.

'அவை செல்வந்த நாடுகள்' என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 2007ஆம் ஆண்டிலிருந்து சீனா தன் வெளியேற்றத்தை 75 விழுக்காடு குறைத்தது என்றும், அதே காலத்தில் இந்தியாவின் வெளியேற்றம் 50 விழுக்காடு கூடியது என்றும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு கூறிற்று.

நம் நாட்டிலும் நல்லதொரு தொடக்கம் இருந்தது. 2015 டிசம்பர் 7ஆம் நாள் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின்நிலையங்களுக்கு முதன்முறையாகக் கந்தக வரம்பு விதித்தது. பழைய நிலையங்களில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகள் ஒரு கனமீட்டருக்கு 600 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டவை 200, 2017 முதல் வருபவை 100 என்பது அதன் சாரம். அவகாசம் இரண்டே ஆண்டுகள். வழியும் தெரிந்ததே: சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவினால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கந்தகம் பிரிந்து ஜிப்சமாகப் படியும். சிமெண்டுக்குப் பயன்படும் பொருள் அது. மும்பைத் துரோம்பேயிலும் தகாணுவிலும் கடல்நீரைக் கொண்டு கழுவும் கருவிகள் அந்த ஆணைக்கு முன்பே இயங்கின.

பிறகு நடந்தது என்ன? 2017 என்ற கெடு 2022 ஆயிற்று. 2021இல் நிலையங்களை மூவகையாகப் பிரித்து 2022, 2023, 2024 என்றார்கள். 2022இல் அது 2024, 2025, 2026 ஆயிற்று. 2024 டிசம்பரில் 2027, 2028, 2029 ஆயிற்று. இறுதியாக 2025 சூலையில் மூன்றாம் வகையினரை, அதாவது சுமார் 78 விழுக்காடு அலகுகளை, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதும் என்று வரம்பிலிருந்தே விடுவித்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் செய்த பிழையை நாம் சட்டமாகவே எழுதிக்கொண்டோம்!

இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள். மெய்தான், பெரும்பாலும் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் நூறு டன் நிலக்கரியில் உள்ள அரை டன் கந்தகம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு டன் வாயுவாகும். 1000 மெகாவாட் நிலையம் முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் எரிக்கும். கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

காற்றில் இவ்வாயுவின் அளவு தேசிய வரம்பான 80 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நாள் வரம்பு 40 என்பது ஒருபுறம் இருக்கட்டும். அளவு கருவி வாயுவைத்தான் அளக்கிறது. வழியில் துகளாக மாறிப்போனதை அக்கணக்கில் காண முடியாது. வேடம் மாற்றிக்கொண்ட திருடனைப் பழைய சட்டையின் நிறத்தை வைத்துத் தேடுவது போன்றது இது.

சல்பேட் துகள்கள் வெயிலைத் தடுத்துப் புவியைச் சற்றுக் குளிர்விக்கின்றன என்றும் ஒரு வாதம் உண்டு. அறிவியல்படி அது உண்மையே. அதற்காக ஏழையின் நுரையீரலைக் குடையாக விரிக்கலாமா? புவி சூடாவதைத் தடுக்க நிலக்கரி எரிப்பதைக் குறைப்பதே நேர்வழி.

செலவு என்கிறார்கள். கருவிக்குச் செலவாகும், மின்கட்டணமும் சற்று உயரும், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி இல்லாதபோதும் செலவு இருக்கிறது. அதை மின்வாரியத்தின் பட்டியலில் எழுதுவதில்லை. மருத்துவமனையின் பட்டியலில் எழுதுகிறார்கள். கட்டுபவரோ, பெரும்பாலும் குறைந்த மின்சாரமே செலவழிக்கும் எளியவர். இன்னொன்று: 2021 ஆணையில் கெடு தவறியோருக்கு விதித்த தண்டம் யூனிட்டுக்கு 5 முதல் 20 காசுதான். அதுவும் கெடு தள்ளிப்போகப் போக ஏட்டிலேயே நின்றது. ஆணையை நம்பிப் பெருஞ்செலவில் கருவி அமைத்த நிலையங்களே ஏமாந்தவை ஆயின.

இவை எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. பத்து இலட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகருக்கும் தலைநகர் வட்டாரத்துக்கும் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு இன்றும் வரம்பு உண்டு. 2027 டிசம்பர் வரை கெடுவும் உண்டு. அங்கே எரிவதும் நிலக்கரிதானே? கந்தகம் தீங்கற்றது என்றால் நகரத்திற்கு ஏன் காப்பு? தீங்குள்ளது என்றால் சிற்றூருக்கு ஏன் விலக்கு? விடை வெளிப்படையானது. சட்டம் அளந்தது நிலக்கரியை அன்று, மனிதரை. மாநகரத்தான் மூச்சுக்கு ஒரு விலையும் சிற்றூரான் மூச்சுக்கு வேறு விலையும் அது குறித்திருக்கிறது. காற்றுக்கோ இந்தப் பத்துக் கிலோமீட்டர் எல்லை தெரியாது.

எண்ணூரிலும் மேட்டூரிலும் நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. 'நம் ஊர் நிலையம் எந்த வகையில் சேர்ந்தது? அதன் புகையில் கந்தகம் எவ்வளவு?' என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்போம். அவர்கள் 'நாளை' என்பார்கள். நாளையும் போய்க் கேட்போம். கடனுக்குச் சர்க்கரை கேட்டவன் வெறுங்கையோடு திரும்பலாம். மூச்சுக்குக் காற்றுக் கேட்டவன் திரும்பக் கூடாது.