காசோலை உபதேசம்

இணையத் தொழில் தொடங்குகிறவனுக்கு முதல் தேவை முதலீட்டாளரின் காசோலை, லாபம் என்பதெல்லாம் பிற்பாடு பேசவேண்டிய சங்கதி என்று ஆலோசக நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் அழைத்துவந்திருக்கும் தலைமைச் சாட்சி அமேசான். பாவம், சாட்சியோடு முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம்.

1994இல் தொடங்கிய அமேசான் முழு ஆண்டு லாபத்தைக் கண்டது 2003இல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1997இல் பங்குச் சந்தைக்குப் போகுமுன் அது துணிகர முதலீடாக வாங்கியது எவ்வளவு? க்ளைனர் பெர்கின்ஸ் தந்த 80 லட்சம் டாலர். மீதி சூட்சுமம் புத்தகம் விற்ற விதத்தில் இருந்தது: வாங்குகிறவர் கடன் அட்டையில் உடனே பணம் கட்டிவிடுவார், மொத்த விற்பனையாளருக்கோ வாரக்கணக்கில் கழித்துக் கொடுத்தால் போதும், இடையில் அடுத்தவர் பணம் வட்டியில்லாமல் பெட்டியில் கிடக்கும், விற்பனை ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். பின்னாளில் கடன்பத்திரம் விற்றுப் பெருந்தொகை திரட்டியதை மறைக்க எனக்கு அவசியமில்லை. வாங்க ஆள் வந்த பிறகு கிடங்கு கட்ட வாங்கிய கடன் அது. நட்டப்பட்டவன் ஜெயித்தான், ஆகவே நட்டப்படு என்பது எந்த ஊர்த் தருக்கம்? அந்தத் தருக்கப்படி 175 கோடி டாலர் திரட்டிய கைபேசிக் காணொளிச் சேவை க்விபி இந்நேரம் ஹாலிவுட்டையே விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் திறந்த அந்தக் கடை அதே டிசம்பரில் மூடப்பட்டது. ஆளில்லாத கடையில் டீ ஆற்றுவதற்கு அத்தனை பால் எதற்கு?

இதைவிட ருசிகரமானது அவரது ஜோஹோ பத்தி. வெளிமுதலீடு இல்லாமல் வளரவே முடியாது என்று சூத்திரம் வகுத்த அதே பேனா, நாலு பத்தி தள்ளி, ஜோஹோவின் தென்காசிப் பெருமை பேசிப் புல்லரிக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வலையமைப்பு மென்பொருள் விற்ற காசிலேயே இணையச் செயலிகளைக் கட்டிய நிறுவனம் எந்த முதலீட்டாளரின் காசோலையில் வளர்ந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். முதலீடு வாங்கி 2021இல் நாஸ்டாக் வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸை அவர் காட்டலாம், காட்டட்டும். முதலீட்டு நிறுவனமான ஆக்ஸல் பணம் போடுமுன்பே அங்கே சந்தா கட்டிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தல்லவா காட்ட வேண்டும்?

சர்வர் செலவுக்குக் கோடிகள் வேண்டும் என்கிறார். லினக்ஸ் இலவசம், 2006இலிருந்து அமேசானே கணினியை மணிக்கணக்கு வாடகைக்கு விடுகிறது. தம் தலைமைச் சாட்சியின் இந்தத் தொழில்கூடத் தெரியாதவருக்கு இதற்கு மேல் பதில் வீண்.

அவர் எழுதாமல் விட்டதுதான் கட்டுரையின் சாரம். துணிகர நிதிகள் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு சதவீதம் நிர்வாகக் கட்டணமும் லாபத்தில் இருபது சதவீதமும் எடுத்துக்கொள்பவை. பத்து நிறுவனங்களில் ஒன்று வானளாவ வளர்ந்தால் மற்ற ஒன்பதின் சாவு அவற்றின் கணக்குப் புத்தகத்தில் தாங்கக்கூடிய செலவு. தொழில் தொடங்குகிறவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் மலிவாக விலைபோனால், ஒப்பந்தத்தில் முன்னுரிமை பெற்ற முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் அவனுக்கு வரும். பல நேரம் மிச்சமே இராது. இத்தனை பக்கம் எழுதியவருக்கு இந்த ஒரு ஷரத்துக்கு மட்டும் ஏன் இடம் கிடைக்கவில்லை? திரட்டிக் கொடுக்கும் தொகையில் சதவீதம் வாங்குகிற தொழிலில் இருப்பவர், திரட்டாதே என்று எப்படி எழுதுவார்?

ஆகவே வாசகரே, உங்களைப் பணம் திரட்டச் சொல்கிறவர் யாராயிருந்தாலும், அதில் அவருக்கு எத்தனை சதவீதம் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.