சயாமுக்குப் போனவர் பெயர் என்ன?

கல்விப் பயணம் போய் வந்த மாணவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது நம் எல்லாருக்கும் மனப்பாடம். ‘இது மறக்க முடியாத அனுபவம். வாய்ப்பளித்த பள்ளி முதல்வருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி.’ பிறகு ஒரு குழுப் படம். அந்தப் படம் பள்ளி இதழில் வரும். அதோடு பயணம் முடிந்துவிடும்.

கடந்த பள்ளி விடுமுறையில் கெடாவைச் சேர்ந்த ஆறாம் படிவ மாணவர்கள் 24 பேர் தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கு நான்கு நாள் பயணம் போனார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவர், வேறு இரண்டு ஆசிரியர்கள், துணைக்கு நான். சயாம் மரண ரயில் பாதையைப் பார்ப்பதுதான் நோக்கம். போகும்போது இந்தப் பிள்ளைகளும் அதே மனப்பாடப் பதிலோடுதான் திரும்புவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தவறு என்று சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறி பாடாங் பெசாரில் இறங்கினோம். அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தாய்லாந்து ரயிலில் ஏறினோம். படுத்துக்கொண்டு போகும் ரயில் என்பதால் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். மேல் படுக்கைக்குப் போட்டி. ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்திலிச் சம்பல் டப்பா பெட்டி முழுவதும் சுற்றி வந்தது.

விளக்கை அணைக்கும் முன் வரலாற்று ஆசிரியர் ஒன்றை மட்டும் சொன்னார். “நீங்க படுத்துக்கிட்டுப் போற இதே தடத்துலதான் 1943ல நம்ம ஆளுங்களையும் கொண்டு போனாங்க. அவங்களுக்குச் சரக்குப் பெட்டி. படுக்க இடம் கிடையாது.”

விடிந்தபின், நாங்கள் இறங்க வேண்டிய நக்கோன் பாத்தோமுக்குச் சற்று முன்னால், பான் போங் என்ற சிறிய ஊரை ரயில் கடந்தது. அன்று மலாயாவிலிருந்து போனவர்களை இறக்கிவிட்ட இடம் அது. அங்கிருந்து பலர் காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்திருக்கிறார்கள்.

விவரம் அறியாத இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942ன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனைகளையும் இணைத்தார்கள் ஜப்பானியர். ஏறக்குறைய 60,000 நேசப் படைக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆனால் அந்தப் பாதையின் பெரும்பகுதிச் சுமையைத் தூக்கியவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்கள் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல். அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிப்போய், ரப்பருக்கு விலையில்லாமல், தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம் அது. ‘மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்’ என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. சேதி பரவியதும் யாரும் போக முன்வரவில்லை. பிறகு ஆள் பிடிப்பு தொடங்கியது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு.

காஞ்சனாபுரியில் முதலில் போர்க்கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். வெட்டிச் சீராக்கிய புல்தரை. வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், நடுவில் பூச்செடிகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பலவற்றில் அடியில் குடும்பத்தார் எழுதிய ஒரு வரி. ரயிலில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் அங்கே தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ‘இருபத்திரண்டு, இருபத்து நாலு, இருபத்து மூணு’ என்று ஒருவன் வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது.

வரிசையின் கடைசிக்குப் போனவன் திரும்பி வந்து ஆசிரியரிடம் கேட்டான்: “சார், நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?”

ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

பதில், பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஆசிரியர் விளக்கியபோது புரிந்தது. கைதிகள் என்றாலும் அவர்கள் ராணுவத்தினர். முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஜப்பானியருக்குத் தெரியாமல் குறித்து ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், கல்லறைகளைத் தேடும் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கையில் பட்டியல் இருந்ததால் தேட முடிந்தது.

நம்மவர்களுக்கு அப்படிப் பட்டியல் எழுத யார் இருந்தார்? தோட்டத்தில் இருந்தவரை காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், செக்ரோலில் கிராணி குறிப்பார். காட்டுக்குள் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கொத்துக் கொத்தாக இறந்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். 1990ல் காஞ்சனாபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் என்று சொல்ல முடிந்ததே தவிர, ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமியப் பௌத்தக் கோயிலுக்குப் போனோம். அங்கேதான் 2023 மே முதல் நாள், இறந்த தமிழர்களுக்காக நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்தாவது ஒரு கல் நின்றதே என்று பெரியவர்கள் நாங்கள் கும்பிட்டோம். பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த சூடத்தை ஏற்றினார்கள். ஒரு மாணவி மட்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். “பேரு இருக்கான்னு பார்த்தேன்” என்றாள்.

மறுநாள் பாலம். உலகமே படம் எடுத்துக்கொள்ளும் இடம். அந்தப் பாலத்தைப் பிரபலமாக்கிய 1957ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தை இலங்கையில் எடுத்தார்கள் என்பதும், படத்தைப் பார்த்து வந்த பயணிகளுக்காகவே மே குலோங் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் என்று பின்னாளில் பெயர் சூட்டினார்கள் என்பதும் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நாம் தோக் வரை இன்றும் ஓடும் ரயிலில் போனோம். மலையோரத்தில் மரத்தூண்கள் தாங்கும் வளைவில் ரயில் ஊர்ந்தபோது சுற்றுப்பயணிகள் கை தட்டினார்கள். எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள். கடைசியாக, பாறையைக் கையால் குடைந்து வெட்டிய ‘நரக நெருப்புக் கணவாய்’. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக வேலை செய்தவர்களைப் பார்த்து வந்த பெயர். அங்கே யாரும் படம் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கடைசி இரவு. ஆற்றோர விடுதி முற்றத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார் ஆசிரியர். முதல் நான்கு பேர் நான் எதிர்பார்த்தபடியே பேசினார்கள். மறக்க முடியாத அனுபவம், நன்றி. ஐந்தாவது மாணவன், பாலத்தில் சிரித்துக்கொண்டு எடுத்த படங்களைப் புலனத்தில் போட்டுவிட்டதாகவும், இப்போது அழிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னான். “சிரிச்சா என்ன தப்பு, அவங்களும் நம்ம வயசுதானே” என்றாள் இன்னொருத்தி. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. முடிவு எதுவும் வரவில்லை.

பிறகு நடுகல்லில் பெயர் தேடிய மாணவி எழுந்தாள். அவள் பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர் என்று வீட்டில் பேச்சு உண்டு. அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. அன்று மாலை கைப்பேசியில் வீட்டுக்கு அழைத்து, பாட்டியிடம் கொடுக்கச் சொல்லி, “பாட்டி, உங்க அப்பா பேரு என்ன?” என்று கேட்டிருக்கிறாள்.

பாட்டி திருப்பிக் கேட்டாராம்: “எந்த அப்பா?”

சயாமுக்குப் போனவர் திரும்பாமல், கைக்குழந்தையோடு நின்ற பாட்டியின் அம்மா, போர் முடிந்த பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டி ‘அப்பா’ என்று கூப்பிட்டு வளர்ந்தது அவரைத்தான். பேத்திக்கு இது தெரியாது. “சயாமுக்குப் போனவரு” என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு பாட்டி சொன்னாராம்: “என் ஐசியில பாரு. என் பேருக்குப் பின்னால இருக்கே, அவருதான்.”

“நான்தான் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். எத்தனை தடவை அந்தப் பேரைப் பாரத்துல எழுதியிருக்கேன். யாருன்னு ஒரு தடவைகூடக் கேட்கல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பேசியவர்கள் யாரும் நன்றியுரை ஆற்றவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் போனார் என்று நினைக்கிறேன், கேட்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம்மவர்களுக்குப் பட்டியல் இல்லை என்று இத்தனை ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தோம். பட்டியலின் ஒரு பகுதி நம்மிடமே இருக்கிறது. இந்நாட்டில் நம்முடைய அடையாள அட்டையில் மகன், மகள் என்ற சுருக்கெழுத்துக்குப் பின்னால் அப்பாவின் பெயர் வரும். 1943ல் அப்பாவைச் சயாமுக்குக் கொடுத்த கைக்குழந்தைகள் இன்று எண்பது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள். தொலைந்துபோன மனிதர்களின் பெயர்கள் அவர்களுடைய சுருக்குப்பையிலும் பணப்பையிலும் இருக்கின்றன. கிராணி எழுத்தைப் பிழையாக எழுதியிருக்கலாம், ஊரும் பாட்டன் பெயரும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பெயர் இருக்கிறது. எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமல் போன இளந்தாரிகள் உண்டு, பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பெயரைச் சுமக்க எந்த அட்டையும் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல, நேரில் பார்த்த யாராவது மிச்சம் இருந்தால்தான் உண்டு.

திரும்பி வந்ததும் ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். ‘பயணத்தில் கண்டவை’ என்ற கட்டுரையை ரத்து செய்துவிட்டார். அதற்குப் பதிலாக, வீட்டில் அல்லது அக்கம்பக்கத்தில் உள்ள மிக மூத்தவர் ஒருவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஒன்பது பெயர்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றைக் கொண்டுவந்தவன், வீட்டுச் சூழ்நிலையால் பயணத்துக்கு வர முடியாமல் போன மாணவன். அவன் பூட்டன் சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். காலில் புண் ஆறிய பள்ளம் சாகும்வரை இருந்ததாம். தட்டில் யாராவது சோற்றை மிச்சம் வைத்தால் கை நீட்டி அடித்துவிடுவாராம். கடைசிவரை ரயிலில் ஏறவே இல்லையாம். நான்கு நாள் நாங்கள் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாத சங்கதிகளை அவன் தன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டான்.

பயணம் வீண் என்று சொல்லவில்லை. அந்தக் கற்களுக்கு நடுவே நின்று ‘நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்கத் தோன்றியிராவிட்டால், வீட்டில் இருக்கும் பெயரைக் கேட்கவும் தோன்றியிருக்காது. வெளிநாடு போய் வரும் பிள்ளைகளிடம் இனி ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காமல், ‘அங்கே என்ன கேள்வி கேட்டாய்?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர்கள் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், யார் திரும்பினார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், தேதியைப் போட்டு எழுதி வையுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். ஆனால் அந்த இன்னொரு நாளை அடுத்த தீபாவளிக்குத் தள்ளாதீர்கள்.

மாணவர்கள் ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தில் பழைய செக்ரோல் மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா, சொன்னவர் யார் என்று ஐந்து கட்டங்கள். முதல் பக்கத்தில் ஒன்பது வரிகள் நிரம்பியிருக்கின்றன. முதல் வரியில் அந்தப் பாட்டியின் அப்பா இருக்கிறார்.