கொதிகலன் புகையும் உப்பளத்து வெயிலும்

கனடா, பின்லாந்து போன்ற நாடுகளில் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் அனுப்பும் காற்றைக் குளிர்காலத்தில் சூடாக்கியே அனுப்புகிறார்கள். இல்லையென்றால் இறங்கும் குழியிலேயே பனிக்கட்டி உறைந்து, தொழிலாளர் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதற்காக எரிக்கும் எரிவாயுவை எப்படிக் குறைப்பது என்று அங்கே இப்போது யோசிக்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தூத்துக்குடியில் இருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வெப்பத்துக்காக எரிப்பது நம் ஊரிலும்தான் நடக்கிறது. மின்சாரம் என்றதும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நம் கண்முன் வருகிறது. தொழிற்சாலைக் கொதிகலன்களில் நீராவிக்காக எரியும் நிலக்கரியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு கொதிகலன்தான் 2017 சனவரியில் நம் ஊர்ப் பெயரை உலகச் செய்தியாக்கியது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனம் தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதைக் கொண்டே சோடா ஆஷ் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கலாம் என்றார்கள். தொழில்நுட்பம் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்துடையது. அரசு மானியம் எதுவும் இல்லை. பூமியைக் காப்பாற்றும் எண்ணத்தில் இதைச் செய்யவில்லை, தொழிலுக்குத் தடையில்லாமல் கரியமில வாயு வேண்டியிருந்தது என்று ஆலையின் நிர்வாக இயக்குநர் பி.பி.சி.யிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? கொதிகலன் புகையை ஓர் உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மேலிருந்து ஒரு வேதித் திரவம் மழைபோல் இறங்குகிறது. கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ள, மீதிப் புகை வெளியேறுகிறது. பிறகு அந்தத் திரவத்தைச் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வரும். உப்பும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசலில் அதைச் செலுத்தினால் நம் வீட்டு ஆப்ப சோடா கிடைக்கும். ஆப்ப சோடாவைச் சூடாக்கினால் கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் பயன்படும் சோடா ஆஷ் கிடைக்கும். அம்மோனியம் குளோரைடு என்ற உரமும் உடன் வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிடித்த வாயுவைத் திரவத்திலிருந்து பிரிக்கவே வெப்பம் வேண்டும். புகையைச் சுத்தம் செய்யவும் கொதிகலனின் நீராவியில் ஒரு பங்கு போகிறது! புதிய திரவத்துக்குப் பழையதைவிடக் குறைந்த வெப்பம் போதும் என்பதே இந்தக் கண்டுபிடிப்பின் சிறப்பு. இன்னொன்றும் உண்டு. சோடா ஆஷை மணலோடு உருக்கிக் கண்ணாடி செய்யும்போது அதிலுள்ள கரியமில வாயு மறுபடி வெளியேறி விடுகிறது. ஆகவே இங்கே வாயு ஒருமுறைக்கு இருமுறை பயன்படுகிறது, அவ்வளவுதான். அதுவும் நன்மையே. ஆனால் நிரந்தரமாகப் புதைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லக்கூடாது.

அளவையும் பார்ப்போம். 210 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்று ஆண்டு முழுவதும் நன்றாக ஓடினால் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். நம் ஊர் அனல்மின் நிலையம் அப்படிப்பட்ட ஐந்து அலகுகளோடு கட்டப்பட்டது. அதற்குமுன் 60,000 டன் எம்மாத்திரம்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'இறைவனைப் புகழுங்கள்' என்ற அறிவுரை மடலில் இதைத்தான் தொட்டார். தொழில்நுட்பத்தை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரிசலுக்கு மேல் காகிதம் ஒட்டுவதோடு நின்றுவிடாதீர்கள் என்றார். அந்த விரிசல் நமக்குத் தெரிந்ததே. 1961க்குப் பிறகு இங்கே அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி வெளுத்தன. 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. நம் பங்குகளில் எத்தனை வீடுகள் மூழ்கின, எத்தனை அம்பாரம் உப்பு கரைந்து போயிற்று என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

உப்பைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். புகையில்லாத வெப்பத்தில் நடக்கும் நம் பழந்தொழில் உப்பளம்தான். கடல்நீரை வற்றவைப்பது வெயிலும் காற்றுமே. அந்த வெயிலைச் சம்பளமாக வாங்குகிறவர்கள் பாத்தியில் நிற்கும் பெண்கள். கண்கூச்சம், காலில் புண், மழைக்காலத்தில் வேலையில்லை. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த நிவாரணத் தொகை ஐயாயிரம் ரூபாய். தூய்மையான வெப்பம் என்றால் அதில் வேலை செய்கிறவர்களுக்கும் அது நன்மையாகத்தான் இருக்கும் என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

வெயிலால் நீராவியும் எழுப்பலாம். ஷீரடி கோவிலில் 2009இல் 73 பெரிய கண்ணாடித் தட்டுகளை வைத்துப் பக்தர்களுக்கு அன்னம் சமைக்கும் நீராவியை எடுத்தார்கள். அதிக வெப்பம் கேட்கும் ஆலைகளுக்கு இது மட்டும் போதாது. ஆனால் கொதிகலனுக்குள் போகும் நீரை முன்கூட்டிச் சூடாக்கினாலே நிலக்கரி குறையும். நம் துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர். தெருவிளக்குக்கும் வண்டிகளுக்கு மின்னேற்றவும் என்றார்கள். இது பெருகினால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டராவது நல்ல தண்ணீர் வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைத் தண்ணீர் வயலுக்கா ஆலைக்கா என்று வழக்காடிய மாவட்டம் இது. 2018 மே மாதத்தை நெஞ்சில் சுமக்கும் ஊரும்கூட. இங்கே மக்கள் சந்தேகப்பட்டால் குற்றம் சொல்ல முடியாது.

புதிய பெரிய ஆலைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அதைப் பார்க்கலாம். அன்பியக் கூட்டத்துக்கு ஒரு படி எடுத்து வந்து நாம் சேர்ந்து வாசிப்போம். கொதிகலனில் என்ன எரிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை டன், பிடிக்கும் வாயு எங்கே போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சூடான கழிவுநீர் எந்தக் கரையில் விழும், இவற்றில் எதற்குப் பதில் இல்லையோ அதைக் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவோம்.