அங்கே சரி, இங்கே?

பேட்டை டீக்கடையில் ஆபீஸ் நண்பர் அடித்துச் சொன்னார்: "ஃபாரின் டிரீட்மென்ட்டா? கண்ண மூடிட்டு இங்கயும் பண்ணலாம் வே!"

பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த சிசுக்களின் உடம்பை 72 மணி நேரம் குளிர வைப்பது, மேல்நாட்டில் பலன் தந்த சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் (நம்ம சென்னையிலும்தான்) 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேரை மட்டும் குளிர வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. குளிர வைத்ததில் இறந்தவை 42 சதவீதம், வைக்காததில் 31!

நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "சோதிச்சே பாக்காம இருந்திருந்தா?"

"நல்லதுன்னு நெனச்சே செஞ்சுக்கிட்டு இருந்திருப்போம் வே."

நெஞ்சு பதறும் நேரத்திலும் சம்மதித்த அந்தப் பெற்றோருக்கு ஒரு கும்பிடு!